ஈறு நோய் பரம்பரையா, பழக்கமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் பல் மருந்தகத்துக்கு வரும் தமிழர்கள் ஈறு நோயைப் பற்றிக் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் குடும்பத்தில்தான் தொடங்குகின்றன. அப்பாவுக்கு இப்படித்தான் பல் ஆடியது, பாட்டிக்கு நாற்பது வயதிலேயே பல்செட் என்று சொல்லிவிட்டுத்தான் தங்கள் வாயைத் திறக்கிறார்கள். அந்தக் கேள்விகளையும், அவற்றோடு சேர்ந்து வரும் புகை, சர்க்கரை, வெற்றிலை, மாத்திரை பற்றிய கேள்விகளையும் இங்கே தொகுத்திருக்கிறோம். இவை பொதுத் தகவல்களே. உங்கள் ஈறை நேரில் பார்த்த மருத்துவரின் சொல்லுக்கு இவை ஈடாகமாட்டா.

பல் துலக்கும்போது இரத்தம் வருகிறது. இதுதான் ஈறு நோயா?

ஈறு நோயின் முதல் கட்டம் அது. பல்லும் ஈறும் சேரும் விளிம்பில் நாள்தோறும் மென்மையான கிருமிப் படலம் ஒன்று ஒட்டுகிறது. அதைத் துலக்கி எடுக்காவிட்டால் ஈறு வீங்கி, தூரிகை பட்டாலே இரத்தம் கசியும். இதற்கு ஈறு அழற்சி என்று பெயர். டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் ஹரால்ட் லோ என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும், ஈறு நலமாக இருந்த சிலரைப் பல் துலக்குவதை அடியோடு நிறுத்தச் சொல்லிக் கவனித்து, 1965இல் முடிவை வெளியிட்டார்கள். பத்து நாள் முதல் மூன்று வாரத்துக்குள் அத்தனை பேருக்கும் அழற்சி வந்தது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் சில நாள்களிலேயே தணிந்துவிட்டது. ஆகவே இந்தக் கட்டம் யாருக்கும் வரக்கூடியது, முழுமையாகக் குணமாகக்கூடியது.

இரண்டாம் கட்டம் வேறு. அழற்சி ஈறோடு நிற்காமல் உள்ளே இறங்கி, பல்லைத் தாடையோடு பிணைக்கும் இழைகளையும் அதைத் தாங்கும் எலும்பையும் கரைக்கத் தொடங்குகிறது. மருத்துவர்கள் இதைப் பெரியோடான்டைட்டிஸ் என்பார்கள். கரைந்த எலும்பு தானாக மீண்டும் வளராது. வலியும் பெரும்பாலும் இருக்காது என்பதால் பல் ஆடும்போதுதான் பலருக்குத் தெரிகிறது. இனி இந்தப் பக்கத்தில் ஈறு நோய் என்று வெறுமனே சொல்லும் இடங்களில் இந்த இரண்டாம் கட்டத்தையே குறிக்கிறோம். பரம்பரையின் பங்கு தெரிவதும் இங்கேதான்.

என் ஈறு இயற்கையிலேயே கறுப்பு. சிவந்திருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

நல்ல கேள்வி. சுகாதாரக் கையேடுகள் "நலமான ஈறு இளஞ்சிவப்பாக இருக்கும்" என்றே பெரும்பாலும் எழுதுகின்றன. நம்மில் பலருக்கு ஈறு அப்படி இருப்பதில்லை. தோலுக்கு நிறம் தரும் மெலனினே ஈறுக்கும் பழுப்போ கருநீலமோ தருகிறது. அது நோயன்று, அதைச் சுரண்டி எடுக்க வேண்டியதும் இல்லை. ஆனால் அந்த நிறம் அழற்சியின் சிவப்பை மறைத்துவிடும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எனவே நிறத்தை விட்டு வடிவத்தைப் பாருங்கள். கண்ணாடியின் முன் நல்ல வெளிச்சத்தில் உதட்டை விலக்கிப் பார்த்தால், நலமான ஈறு இரண்டு பற்களுக்கு நடுவே கூர்மையான முக்கோணமாக ஏறி நிற்கும். அழற்சி கண்ட ஈறில் அந்த முனை மழுங்கி, உருண்டு, பளபளவென்று ஈரமாகத் தெரியும். அடுத்து, கடைவாய்ப் பற்களின் இடையே ஃபிளாஸ் நூலை விட்டு எடுத்து அதில் இரத்தக் கறை இருக்கிறதா என்று பார்த்து, முகர்ந்தும் பாருங்கள். ஒரே இடத்தில் மட்டும் நூல் தொடர்ந்து நாறினால் அந்த இடத்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

அப்பாவுக்கு ஐம்பது வயதுக்குள் பல்லெல்லாம் விழுந்துவிட்டது. எனக்கும் அப்படித்தான் ஆகுமா?

அப்படி ஆகும் வாய்ப்பு மற்றவர்களைவிட உங்களுக்குக் கூடுதலாக இருக்கலாம். ஆகியே தீரும் என்று எவராலும் சொல்ல முடியாது. இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

மேலே சொன்ன லோவும் அவருடைய குழுவினரும் 1970 முதல் பதினைந்து ஆண்டுகள் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த 480 ஆண்களின் ஈறுகளைக் கவனித்து வந்தார்கள். அந்தத் தொழிலாளர்கள் பல் தூரிகை பயன்படுத்தியதில்லை, பல் மருத்துவரைப் பார்க்கும் வசதியும் அவர்களுக்கு இல்லை. எல்லோருடைய பற்களிலும் படலமும் கெட்டிப்பட்ட பற்காரையும் மண்டிக் கிடந்தன. அப்படியிருந்தும் முடிவு ஒன்றாக இல்லை. ஏறத்தாழ 8 விழுக்காட்டினருக்கு நோய் மிக வேகமாக முற்றியது. 81 விழுக்காட்டினருக்கு மெல்ல மெல்ல வளர்ந்தது. 11 விழுக்காட்டினருக்கு அழற்சியைத் தாண்டிப் போகவே இல்லை. ஒரே தோட்டம், ஒரே வேலை, ஒரே அளவு அழுக்கு. வேறுபட்டது கிருமிகளை எதிர்கொண்ட உடல்தான். அந்த மனிதர்களுக்குச் சிகிச்சை எட்டாமற்போன நிலைமையே ஆய்வுக்கு வாய்ப்பாக அமைந்தது என்பது நெருடலான உண்மை. என்றாலும் ஈறு நோயைப் பற்றி இன்று நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதி அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறது.

அந்த வேறுபாட்டில் பரம்பரைக்கு எவ்வளவு பங்கு? அமெரிக்காவில் 117 இரட்டையர் இணைகளை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, ஆளுக்கு ஆள் காணப்படும் நோய் வேறுபாட்டில் சுமார் பாதியை மரபுக் கூறுகளால் விளக்கலாம் என்றது. பின்னர் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது இந்த அளவு சற்றுக் குறைந்தது. நோய் கடுமையாக இருப்பவர்களிடையே மரபின் பங்கு கூடுதலாகத் தெரிந்தது. அதே இரட்டையர் ஆய்வில் இன்னொன்றும் வெளிப்பட்டது: பழக்கவழக்கங்களைக் கணக்கில் கொண்டபோது, வெறும் ஈறு அழற்சியில் மரபின் பங்கு ஏதும் தென்படவில்லை. துலக்காததால் வருவது துலக்காததால்தான் வருகிறது.

இங்கே ஒரு தவறான புரிதலையும் தவிர்க்க வேண்டும். "பாதி பரம்பரை" என்றால் உங்கள் நோயில் பாதி அப்பாவிடமிருந்து வந்தது என்று பொருளாகாது. ஒரு மக்கள் கூட்டத்தில் காணப்படும் ஏற்றத்தாழ்வைப் பற்றிய கணக்கு அது; தனி ஒருவரின் பல்லைப் பற்றி அது எதையும் சொல்வதில்லை. உங்கள் அப்பா புகைத்தாரா, அவருக்கு நீரிழிவு இருந்ததா, அவருடைய இளமையில் பல் மருத்துவர் அருகில் இருந்தாரா என்ற கேள்விகளைக் கேட்காமல் அவருடைய பல்செட்டைப் பரம்பரையின் கணக்கில் எழுதுவது அவசரம்.

எந்த மரபணு இதற்குக் காரணம்?

ஒன்று என்று சுட்ட முடியாது. சிறிய அளவில் தாக்கம் செலுத்தும் பல மரபணுக்கள் சேர்ந்து, கிருமிகளைக் கண்டால் உடல் எவ்வளவு வேகமாக, எவ்வளவு கடுமையாகச் சீறுகிறது என்பதைத் தீர்மானிக்கின்றன. ஈறு நோயில் எலும்பைக் கரைப்பதில் பெரும்பங்கு நம் சொந்த நோயெதிர்ப்பு அணுக்களுக்கே உண்டு. போர்ஃபிரோமோனாஸ் ஜின்ஜிவாலிஸ் போன்ற கிருமிகள் தூண்டிவிடுகின்றன. பதிலுக்கு உடல் அனுப்பும் இரசாயனங்கள் எல்லை மீறி எலும்பையும் அரிக்கின்றன. அத்தகைய இரசாயனங்களில் ஒன்றான இன்டர்லூக்கின்-1 தொடர்பான மரபணு மாறுபாடு ஒன்று 1997இல் பெரிதாகப் பேசப்பட்டது. பிற நாட்டு மக்களிடம் தேடியபோது அந்தத் தொடர்பு எல்லா இடத்திலும் அதே வலுவோடு தெரியவில்லை.

அப்படியானால் மரபணுச் சோதனை செய்துகொள்ளலாமா?

பொதுவான ஈறு நோய்க்கு வேண்டாம். முடிவு எப்படி வந்தாலும் மருத்துவர் சொல்லப்போகும் அறிவுரை மாறாது. அந்தப் பணத்தில் பல் சுத்தம் செய்துகொள்வது மேல்.

நாங்கள் சொந்தத்தில் திருமணம் செய்தவர்கள். பிள்ளைகளுக்கு ஈறு நோய் வருமா?

பெரியவர்களுக்கு வரும் சாதாரண ஈறு நோயைப் பொறுத்தவரை, மாமன் மகளையோ அத்தை மகனையோ மணந்ததற்காகத் தனியாகக் கவலைப்படத் தேவையில்லை. ஆனால் மிக அரிதான ஒரு நோயைப் பற்றி நம் சமூகம் அறிந்திருப்பது நல்லது. 1924இல் பாப்பியோன், லெஃபெவ்ர் என்ற இரண்டு பிரெஞ்சு மருத்துவர்கள் விவரித்ததால் அவர்கள் பெயராலேயே அது அழைக்கப்படுகிறது. கெதெப்சின் சி என்ற நொதிக்கான மரபணுவில் ஏற்படும் பழுதே அதன் காரணம் என்பது 1999இல் கண்டறியப்பட்டது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் நோய் வெளிப்படும். இரத்த உறவில் மணம் செய்யும் குடும்பங்களில் அப்படி இரண்டும் சேரும் வாய்ப்பு கூடுகிறது.

பத்து லட்சம் பேரில் ஒருவர் முதல் நால்வர் வரை பாதிக்கப்படுவதாகக் கணக்கிடுகிறார்கள். அடையாளம் தெளிவானது: குழந்தையின் உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்து வெடிக்கும், நான்கைந்து வயதுக்குள் பால் பற்கள் ஈறு வீங்கி உதிர்ந்துவிடும், பிறகு முளைக்கும் நிரந்தரப் பற்களும் பதின்ம வயதிலேயே ஆடத் தொடங்கும். பிள்ளைக்குத் தோலும் பல்லும் சேர்ந்து இப்படி இருந்தால் "வெயிலுக்கு வெடிக்கிறது" என்று எண்ணெய் தடவிக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

இது இல்லாமலும் சில பதின்ம வயதினருக்கு முன்வாய்ப் பற்களையும் முதல் கடைவாய்ப் பற்களையும் சுற்றி எலும்பு வேகமாகக் கரைவதுண்டு. படலம் அதிகம் இல்லாமலேயே இது நடப்பதால், பிள்ளை ஒழுங்காகத் துலக்கவில்லை என்று திட்டுவதற்கு முன் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது முறை. ஒரு பிள்ளைக்கு இருந்தால் உடன்பிறந்தவர்களையும் சோதிக்க வேண்டும்.

வீட்டில் எல்லோருக்குமே ஈறு பிரச்சினை. ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுமா?

கிருமிகள் எச்சில் வழியாகக் கணவன் மனைவிக்கு இடையிலும், பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கும் போகலாம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் கிருமி வந்தாலே நோய் வந்துவிடுவதில்லை. ஒரே வீட்டில் பலருக்கு இருப்பதற்குப் பழக்கமும் ஒரு காரணம். பிள்ளைகள் பல் துலக்கும் முறையையும், இரவில் துலக்காமல் படுப்பதையும், வலித்தால் மட்டுமே மருத்துவரிடம் போவதையும் பெற்றோரிடமிருந்துதான் கற்றுக்கொள்கிறார்கள். இரத்தத்தில் வந்தது எது, பார்த்துப் பழகியது எது என்று குடும்பத்துக்குள் இருந்துகொண்டு பிரித்தறிவது கடினம்.

புகைப்பழக்கத்தால் எவ்வளவு கெடுதல்?

உங்களால் மாற்றக்கூடிய காரணங்களில் இதுவே முதலிடம் பெறுவது. அமெரிக்காவில் 1988 முதல் 1994 வரை நடந்த தேசிய உடல்நலக் கணக்கெடுப்பை ஆராய்ந்தபோது, புகைப்பவர்களுக்கு ஈறு நோய் இருக்கும் வாய்ப்பு ஒருபோதும் புகைக்காதவர்களைவிட சுமார் நான்கு மடங்கு என்று தெரிந்தது. நாளுக்கு ஒன்பது சிகரெட்டுக்குள் புகைத்தவர்களுக்கே ஏறக்குறைய மூன்று மடங்கு. நாளுக்கு முப்பது சிகரெட்டைத் தாண்டியவர்களுக்கு ஆறு மடங்கை நெருங்கியது. "நான் ஒன்றிரண்டுதான்" என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். விட்டு 11 ஆண்டுகள் ஆனவர்களின் நிலை புகைக்காதவர்களுக்கு இணையாக வந்திருந்தது என்பதும் அதே ஆய்வில் கிடைத்த செய்தி.

புகையின் வஞ்சகம் இன்னொரு வகையிலும் உண்டு. அது ஈறில் இரத்தம் கசிவதைக் குறைத்துவிடுகிறது. எச்சரிக்கை மணி ஓய்ந்துவிடுவதால் புகைப்பவர் தன் ஈறு நன்றாக இருப்பதாகவே நினைத்துக்கொள்கிறார். உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருக்கும். புகைப்பதை நிறுத்திய சில வாரங்களில் சிலருக்குத் திடீரென்று இரத்தம் வரும். "விட்டதால்தான் கெட்டது" என்று எண்ணி மறுபடி பற்றவைப்பவர்கள் உண்டு. அது ஈறு மீண்டும் இயல்பாக எதிர்வினை காட்டத் தொடங்கியதன் அடையாளம்.

மின்சிகரெட் மாற்றாகாது. நிக்கோட்டினும் எரிச்சலூட்டும் வேதிப்பொருள்களும் அதிலும் ஈறைத் தொடுகின்றன. தவிர, சிங்கப்பூரில் 2018 பிப்ரவரி முதல் அதை வைத்திருப்பதே குற்றம். விட விரும்புபவர்களுக்குச் சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் ஐ குவிட் திட்டம் உதவும்.

வெற்றிலை பாக்கு போடுவது ஈறுக்கு நல்லது என்று பாட்டி சொல்வாரே?

பாட்டிகளோடு வாதிட யாருக்கும் விருப்பமில்லை. ஆனாலும் பாக்கைப் பற்றி மென்று விழுங்காமல் சொல்லிவிட வேண்டும். புகையிலை சேர்க்காத பாக்கும்கூட மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் வகைப்படுத்தியது. தினமும் மெல்பவர்களிடம் ஈறு நோயும் கூடுதலாகக் காணப்படுகிறது. சுண்ணாம்பும் பாக்கும் ஈறை எரிச்சலாக்குகின்றன. கறையும் காரையும் படிந்து துலக்குவது கடினமாகிறது. விசேஷ வீட்டில் எப்போதாவது ஒரு பீடா போடுபவரைப் பற்றி இங்கே பேசவில்லை. கன்னத்தில் அடக்கிவைத்தே நாளைக் கழிப்பவர்களைப் பற்றிப் பேசுகிறோம். குட்கா, கைனி போன்ற மெல்லும் புகையிலைப் பொருள்களுக்குச் சிங்கப்பூரில் தடை இருக்கிறது; ஊரிலிருந்து பெட்டியில் போட்டுக்கொண்டு வருவதும் தடைக்கு உட்பட்டதே.

நீரிழிவு இருந்தால் பல் போய்விடும் என்கிறார்களே?

சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவருக்கு ஈறு நோய் வரும் அபாயம் சுமார் மூன்று மடங்கு. கட்டுப்பாட்டில் வைத்திருப்பவருக்கு அந்த அளவு அபாயம் இல்லை. இந்த வேறுபாடு முக்கியம், ஏனென்றால் நீரிழிவு வந்துவிட்டாலே பல்லைப் பற்றி ஒன்றும் செய்வதற்கில்லை என்று கைவிட்டுவிடும் மனப்போக்கு நம்மிடம் இருக்கிறது.

சுகாதார அமைச்சு 2016இல் நீரிழிவுக்கு எதிராகப் போர் அறிவித்த நாடு இது. மக்கள்தொகை ஆய்வுகளில் சீனர்களைவிட இந்தியர்களிடையே நீரிழிவு கூடுதலாகவே காணப்பட்டு வருகிறது. "தமிழர்களுக்கு ஈறு பலவீனம்" என்று பேச்சுவழக்கில் சொல்லப்படுவதில் உண்மை ஏதும் இருந்தால், அதில் பெரும்பகுதி ஈறிலிருந்து வந்ததன்று, இரத்தச் சர்க்கரையிலிருந்து வந்தது என்றே நாங்கள் கருதுகிறோம்.

தொடர்பு இருபக்கமும் ஓடுகிறது. உயர்ந்த சர்க்கரை இரத்தக் குழாய்களையும் நோயெதிர்ப்பு அணுக்களையும் கெடுத்து ஈறின் ஆறும் திறனைக் குறைக்கிறது. ஆறாத ஈறின் அழற்சி இன்சுலின் வேலை செய்வதைத் தடுத்துச் சர்க்கரையை ஏற்றுகிறது. ஈறு நோய்க்குச் சிகிச்சை பெற்ற நீரிழிவு நோயாளிகளுக்கு, கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி இரத்தச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி அளவு, மூன்று நான்கு மாதங்களில் சராசரியாக 0.4 விழுக்காட்டுப் புள்ளி குறைந்ததாகப் பல சோதனைகளைத் தொகுத்த கொக்ரேன் ஆய்வு 2022இல் தெரிவித்தது. சிலர் இரண்டாவது மாத்திரை சேர்த்தும் பெறுவது அதைவிடச் சற்றுத்தான் கூடுதல். எனவே பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) நீரிழிவுக்காகக் கண்ணையும் காலையும் சோதித்துக்கொள்பவர்கள் ஈறையும் அந்த வரிசையில் சேர்த்துக்கொள்ள வேண்டும். பல் மருத்துவரிடம் போகும்போது கடைசி எச்பிஏ1சி எண்ணைச் சொல்லுங்கள். கைப்பேசியில் ஹெல்த்ஹப் செயலியிலேயே பெரும்பாலும் கிடைக்கும்.

இனிப்பைக் குறைத்தால் ஈறு சரியாகுமா?

இனிப்பு நேரடியாகக் கெடுப்பது பல்லை. சொத்தை வேறு, ஈறு நோய் வேறு. சொத்தையே இல்லாத வெள்ளைப் பற்கள் ஆடி விழுவதைப் பார்த்துப் பலர் திகைப்பது இந்த வேறுபாட்டால்தான். 1950களின் இறுதியிலிருந்து சிங்கப்பூர்க் குழாய் நீரில் கலக்கப்பட்டுவரும் ஃபுளோரைடும் சொத்தைக்குத்தான் காவல், ஈறுக்கு அதனால் பயனில்லை. ஆனால் நாளுக்கு நான்கு முறை தே தாரிக் குடித்து ஏறும் உடல் எடையும் இரத்தச் சர்க்கரையும் சுற்றிவளைத்து ஈறுக்கே வந்து சேர்கின்றன. காப்பிக் கடையில் "கோசோங்" (சர்க்கரை வேண்டாம்) என்று ஒரு சொல் கூடுதலாகச் சொல்வதில் நட்டமில்லை. தேநீர்க் கறை வெறும் கறைதான், அதற்காக அஞ்ச வேண்டாம். வைட்டமின் சி அறவே குறைந்தால் ஈறில் இரத்தம் கசியும் என்பது உண்மை. காய்கறி, பழம் சாப்பிடுகிறவருக்கு அந்த மாத்திரை ஈறு நோயைத் தீர்க்காது.

இரவு வேலையும் மன அழுத்தமும் காரணமாகுமா?

ஆகலாம். அழுத்தம் நோயெதிர்ப்பைப் பாதிக்கிறது. அதோடு, பன்னிரண்டு மணி நேர வேலை முடித்து விடுதிக்கு வந்து அப்படியே படுத்துவிடுபவருக்குத் துலக்குவது தவறிப்போகிறது, புகையும் கூடுகிறது. இதில் எது எவ்வளவு என்று பிரிப்பது ஆய்வாளர்களுக்கும் எளிதாக இல்லை.

கர்ப்பமாக இருக்கும்போது ஈறில் இரத்தம் வந்தால்?

கர்ப்பகால இயக்குநீர் மாற்றங்களால் சிறிய படலத்துக்கும் ஈறு பெரிதாக வீங்கும். பிள்ளைப்பேற்றுக்குப் பின் பெரும்பாலும் தணிந்துவிடும். பல் சுத்தம் செய்துகொள்வது கர்ப்பிணிக்குப் பாதுகாப்பானது. மாமியாரோ அம்மாவோ தடுத்தால் மகப்பேற்று மருத்துவரையே ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள். மாதவிடாய் நின்ற பிறகு வாய் வறண்டு ஈறு மென்மையாவதும் சிலருக்கு உண்டு.

இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடத் தொடங்கியதிலிருந்து ஈறு தடித்து வளர்கிறது. தொடர்பு உண்டா?

இருக்கலாம். அம்லோடிபின், நிஃபெடிபின் போன்ற இரத்த அழுத்த மருந்துகளும், வலிப்புக்குத் தரும் ஃபெனிட்டோயினும், உறுப்பு மாற்றம் செய்தவர்களுக்குத் தரும் சைக்ளோஸ்போரினும் சிலருக்கு ஈறைத் தடித்து வளரச் செய்யும். படலம் சேர்ந்த இடத்தில் வளர்ச்சி மிகும். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பல் மருத்துவரிடம் ஈறைக் காட்டி, மருந்தை எழுதிய மருத்துவரிடம் மாற்று மருந்து பொருந்துமா என்று கேளுங்கள்.

ஸ்கேலிங் (பற்காரையை அகற்றும் சுத்தம்) செய்தால் பல் ஆடத் தொடங்கிவிடும் என்கிறார்களே?

தமிழர்களிடையே இதைவிட ஆழமாக வேரூன்றிய பல் நம்பிக்கை வேறில்லை என்று சொல்லலாம். நடப்பது இதுதான்: எலும்பு கரைந்த பற்களைச் சுற்றிக் காரை கெட்டியாகப் படிந்து, ஆடும் பற்களைச் சிமெண்ட் போட்டதுபோல் பிடித்து வைத்திருக்கும். அதை எடுத்ததும் ஏற்கெனவே இருந்த ஆட்டம் தெரிகிறது. வீங்கிய ஈறு வற்றிச் சுருங்குவதால் பற்களுக்கு இடையே சந்து விழுந்ததுபோலவும் தோன்றும். வேர்ப்பகுதி வெளிப்பட்டுச் சில வாரம் கூச்சமும் இருக்கும். ஆட்டத்துக்குக் காரணம் கரைந்துபோன எலும்பு. காரையை விட்டுவைத்தால் எஞ்சிய எலும்பும் போகும்.

மருத்துவர் கம்பியால் குத்தி எண்களைச் சொன்னார். அவை என்ன?

மில்லிமீட்டர் கோடுகள் போட்ட மெல்லிய அளவுகோல் அது. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே மெதுவாக இறக்கி, ஒவ்வொரு பல்லையும் சுற்றி ஆறு இடங்களில் ஆழம் பார்ப்பார்கள். "த்ரீ, டூ, த்ரீ" என்று மருத்துவர் சொல்லச் சொல்ல உதவியாளர் கணினியில் தட்டிக்கொண்டே போவார்; திடீரென்று ஒரு "சிக்ஸ்" வரும், கூடவே "பிளீடிங்" என்ற சொல்லும். மூன்று வரை இயல்பு. நான்கும் அதற்கு மேலும், அதோடு இரத்தமும் என்றால் அங்கே துலக்கும் தூரிகை எட்டாது, மருத்துவர்தான் உள்ளே சுத்தம் செய்ய வேண்டும். ஆழமான சுத்தத்துக்குப் பிறகும் ஆறு மில்லிமீட்டரில் நிற்கும் இடங்களுக்கே பெரும்பாலும் அறுவைச் சிகிச்சை பேசப்படும். அந்த எண்களின் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த முறை ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

2018இல் வெளியான அனைத்துலக வகைப்பாட்டின்படி, நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்பதற்கு ஒன்று முதல் நான்கு வரை படிநிலையும், எவ்வளவு வேகமாக வளரக்கூடும் என்பதற்கு ஏ, பி, சி என்ற தரமும் தருகிறார்கள். நாளுக்குப் பத்து சிகரெட்டோ அதற்கு மேலோ, அல்லது எச்பிஏ1சி ஏழும் அதற்கு மேலும் என்றால் வேகம் மிகுந்த சி தரத்துக்கு அது ஏற்றிவிடும். எந்த மரபணுவுக்கும் அந்தப் பட்டியலில் இத்தகைய இடம் தரப்படவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

வேப்பங்குச்சி, உப்பு, பல்பொடி, எண்ணெய் கொப்புளித்தல் எல்லாம் பயன்படுமா?

"ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி" என்று சொன்ன காலத்தில் தூரிகை இல்லை. குச்சியை மென்று பக்குவமாகத் தேய்த்தால் வெளிப்புறப் படலம் போகும். ஈறு நோய் தொடங்கும் பல்லிடுக்குக்குள் அது நுழையாது. கரகரப்பான பொடியும் கரியும் பல்லைத் தேய்த்து ஈறை இறக்கிவிடும், அவற்றைத் தவிர்க்கலாம். நல்லெண்ணெய் கொப்புளிப்பவர்கள் கொப்புளிக்கட்டும், துலக்குவதற்குப் பதிலாகச் செய்யாமல் இருந்தால் சரி. மென்மையான தூரிகையை ஈறின் விளிம்பில் சாய்த்து வைத்துச் சிறுசிறு அசைவாக இரண்டு நிமிடம், நாளுக்கு இருமுறை; இரவில் இடுக்குகளுக்கு ஃபிளாஸ் நூல், சந்து பெரிதாக இருந்தால் சிறு இடுக்குத் தூரிகை. ஏற்கெனவே எலும்பு இறங்கியவர்களுக்கு அந்தச் சிறு தூரிகையே பெரும்பாலும் கூடுதல் பயன் தரும்.

செலவுக்கு என்ன உதவி கிடைக்கும்?

நீல, ஆரஞ்சு நிறச் சாஸ் (சமூகச் சுகாதார உதவித் திட்டம்) அட்டை வைத்திருக்கும் குடிமக்களுக்கும், முன்னோடி, மெர்டேக்கா தலைமுறையினருக்கும் திட்டத்தில் சேர்ந்த தனியார் பல் மருந்தகங்களில் மானியம் உண்டு. பல் சிகிச்சை வசதியுள்ள பலதுறை மருந்தகங்களிலிருந்து தேசிய பல் மருத்துவ நிலையம் போன்ற இடங்களில் உள்ள ஈறு நிபுணருக்குப் பரிந்துரைக் கடிதம் பெறலாம். காத்திருப்புக் காலத்தையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். மெடிசேவ் எனப்படும் மருத்துவச் சேமிப்புக் கணக்கின் பணம் பொதுவாக அறுவைச் சிகிச்சைக்கே பயன்படும், வழக்கமான ஸ்கேலிங்குக்கு ஆகாது. விதிகள் அவ்வப்போது மாறுவதால் முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுவது நல்லது. சாஸ் திட்டத்துக்குள் வராத வெளிநாட்டு ஊழியர்கள் ஹெல்த்சர்வ் தொண்டு அமைப்பின் மருந்தகத்தை அணுகிப் பார்க்கலாம்.

குடும்பத்தில் ஈறு நோய் இருந்தால் எப்போதிலிருந்து, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இளம் வயதிலேயே பல் ஆடி விழுந்திருந்தால், பல் ஆடும்வரை காத்திருக்காமல் இருபதுகளிலேயே ஒருமுறை ஈறின் ஆழத்தை முழுமையாக அளந்து பதிவு செய்யச் சொல்லுங்கள். எல்லாம் மூன்றுக்குள் இருந்தால் ஆண்டுக்கு ஒருமுறை அல்லது இருமுறை போதும். புகையோ நீரிழிவோ சேர்ந்திருந்தால் இடைவெளி குறையும். ஒருமுறை நோய்க்குச் சிகிச்சை பெற்றவர்களை மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்வது வழக்கம். முதல் முறை போகும்போது, வீட்டில் யாருக்கு எந்த வயதில் பல் போனது, அவர் புகைத்தாரா, அவருக்குச் சர்க்கரை இருந்ததா, நீங்கள் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பவற்றைத் தமிழிலேயே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்த பிறகு இவற்றைச் சொல்ல முடியாது.